பூவாயியின் பொதியடை

கொள்ளிடத்துக்கு யாரும் கரை கட்டாத காலம் அது. அந்தக் காலத்தில் ஆற்றுக்குள் வாழ்ந்த உயிர்களும் ஆற்றோரம் வாழ்ந்த மனிதர்களும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். கொக்கு வாசலில் வந்து நின்று மீன் எந்த மடுவில் கிடக்கிறது என்று சொல்லும். ஆமை தன் முட்டையை ஆடு மிதித்துவிட்டதென்று சண்டைக்கு வரும். மனிதர்களும் உட்கார்ந்து கேட்டுப் பதில் சொல்வார்கள்.

ஆற்றின் தென்படுகையில் ஒரு மண்மேட்டின் மேல் பூவாயியின் குடிசை இருந்தது. வீட்டில் ஐந்து பேர். புருஷன் சடையன் மீன் பிடிப்பவன். விடியுமுன் வலையோடு போனால் உச்சிப்பொழுதுக்குத்தான் வருவான். வந்ததும் சுட்ட மீன் இருக்க வேண்டும். மாமனார் உடையான் ஆடு மேய்ப்பவர். பல் போய்விட்டதால் குழைய வெந்த மொச்சை இல்லாமல் அவருக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. நாத்தனார் மருதாயி கோரை அறுப்பவள். மிளகும் வெங்காயமும் கண்ணில் நீர் வரவழைத்தால்தான் அவளுக்கு அது சாப்பாடு. மகள் சிட்டுவுக்குப் பதினொரு வயது. முட்டை என்றால் எழுந்து வருவாள், மற்றதற்குப் படுத்தே கிடப்பாள்.

ஆளுக்கு ஒரு நேரம், ஆளுக்கு ஒரு சட்டி. காலையில் மூட்டிய அடுப்பு பொழுது சாய்ந்த பிறகுதான் அணையும். பூவாயி ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. யாருக்கு எது எந்தப் பதத்தில் வேண்டும் என்பது அவள் கைக்கே தெரிந்திருந்தது. ஆனால் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பூவாயி ஆற்றில் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது நீர்நாய் தலையைத் தூக்கியது. மேட்டின் அடிவாரத்தில் கரையைக் குடைந்த ஒரு வங்கில் அது இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. ஒருவரோடும் ஒட்டாத பிராணி. அதுவாக வந்து பேசியது அன்றைக்குத்தான்.

"பூவாயி, தண்ணியை மோந்து பாரு."

அவள் ஒரு கை அள்ளி மோந்தாள். "செம்மண் வாசனை அடிக்குது."

"நம்ம ஆத்துல செம்மண் ஏது? மேற்க மலையில பேய்மழை பெஞ்சிருக்கு. உச்சிக்குள்ள வெள்ளம் வந்துடும். நான் பொறந்ததிலிருந்து இப்படி ஒரு வாசனையை மோந்ததில்லை."

குடத்தை அப்படியே போட்டுவிட்டுப் பூவாயி ஓடி வந்தாள். கிழிந்த வலையை முடிந்துவிட்டுச் சடையன் அன்று அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. அவர்கள் மேட்டுக்கும் பக்கத்து மேட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. இருபது முழ அகலம். வெள்ளம் வந்தால் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் பாயும். பாய்ந்தால் நேராகக் கீழக்குடி. அங்கே நாற்பது வீடுகள்.

"நாம இப்பவே தெக்கால இருக்குற உசந்த மேட்டுக்குப் போயிட்டா பிழைச்சுக்கலாம்," என்றான் சடையன். சொன்னவன் கண் மறுபடி கீழக்குடிப் பக்கம் போனது. அவனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான்.

சிட்டு கீழக்குடிக்கு ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னாள்: "நிறைமாசக்காரி ஒருத்தி இருக்காம்மா. நடக்க முடியாதவங்க நாலு பேரு. அறுபது மாடு. எல்லாத்தையும் மேட்டுல ஏத்தப் பொழுது சாஞ்சிடுமாம். ஏத்தி முடிச்சதும் பறை அடிப்பாங்களாம். அதுவரைக்கும் எப்படியாச்சும் தண்ணியை நிறுத்தச் சொன்னாங்க."

மருதாயி தான் அறுத்து வைத்திருந்த கோரைக்கட்டுகளை எல்லாம் பள்ளத்தில் கொண்டுவந்து போட்டாள். சடையன் மூங்கில் முளைகளை அடித்தான். உடையான் களிமண்ணை வெட்டிக் கொடுக்க, பூவாயியும் சிட்டுவும் கூடையில் சுமந்தார்கள். அணை இடுப்பளவு உயர்ந்தபோது வெள்ளம் வந்தது. மார்பளவு உயர்ந்தபோது மழையும் சேர்ந்துகொண்டது. இவர்கள் ஒரு கூடை மண் போட்டால் ஆறு அரைக்கூடையைக் கரைத்துக்கொண்டு போனது. ஒரு நொடி கை ஓய்ந்தாலும் ஆறு முந்திக்கொள்ளும்.

முந்தின இரவுக்குப் பிறகு யார் வயிற்றிலும் ஒன்றும் விழவில்லை. பூவாயி கலயத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். சேறு அப்பிய கையில் கலயம் நிற்கவில்லை. வழுக்கி விழுந்து கஞ்சி முழுக்க மண்ணோடு போனது. உருட்டி வைத்திருந்த களியை இலையில் வைத்து நீட்டினாள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மழை அதைக் கூழாக்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா," என்றார் உடையான். சொன்ன கையோடு கூடையைக் கீழே நழுவவிட்டார். குனிந்தவரால் அதை மறுபடி தூக்க முடியவில்லை. மருதாயியின் உதடு வெளுத்திருந்தது. சடையன் பேசுவதையே விட்டிருந்தான். பொழுது சாய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. இவர்கள் அதற்கு வெகு முன்பே விழுந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அவள் குடிசைக்கு ஏறினாள்.

அடுப்பில் நெருப்பு கண் மூடாமல் கிடந்தது. ஆனால் விறகெல்லாம் நனைந்து ஊறியிருந்தது. பூவாயி ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்த வருடம் சடையனும் அவளும் சேர்ந்து வேய்ந்த கூரை. உள்பக்கத்து மூங்கில் வரிச்சுகள் புகையில் காய்ந்து கறுத்திருந்தன. அணை நின்றாலும் உடைந்தாலும் இந்த வீடு நாளைக்கு இருக்கப் போவதில்லை. கையை உயர்த்தி வரிச்சுகளைப் பிடுங்கினாள். படபடவென்று நெருப்புப் பிடித்தது.

தனித்தனியாக ஐந்து சட்டி வைக்க நேரம் இல்லை. அகலமான மண் ஓடு ஒன்றை மட்டும் அடுப்பில் ஏற்றினாள். கேழ்வரகு மாவில் உப்பும் முருங்கைக்கீரையும் போட்டு வெந்நீர் விட்டுப் பிசைந்தாள். வாழையிலையில் எண்ணெய் தடவி, விரல் தடிமனுக்கு, முறம் அளவுக்கு ஒரு அடை தட்டினாள். அது ஓட்டில் வேகும்போதே இன்னொன்று தட்டினாள். நேற்று வெந்த மொச்சையை மசித்து முதல் அடையின் மேல் பரப்பினாள். சுட்டு வைத்திருந்த விராலை முள் நீக்கி உதிர்த்து அதன்மேல் போட்டாள். வெங்காயத்தை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, கை நிறைய மிளகை நுணுக்கிக் கலந்து மேலே தூவினாள். இருந்த ஏழு முட்டையையும் உடைத்து அந்தக் குவியலின் மேல் ஊற்றினாள். முட்டை ஓடி எல்லா இடுக்கிலும் புகுந்து பிடித்துக்கொண்டது. இரண்டாவது அடையைப் போட்டு மூடி, அம்மிக்குழவியை வைத்து அழுத்தினாள். ஓரம் ஒன்றோடொன்று ஒட்டியது. எண்ணெய் விட்டுத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். வெளியே மொறுமொறுவென்று சிவந்தது. உள்ளே எல்லாம் ஒன்றாய் இறுகியது. மழை உள்ளே போக வழியில்லை. உள்ளே இருப்பது வெளியே சிந்தவும் வழியில்லை.

அரிவாளால் ஐந்தாக வெட்டி, ஒவ்வொன்றையும் வாழையிலையில் சுற்றினாள். மடியில் சூட்டோடு சூடாகக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

"இலையோட பிடிங்க. ஒரு கையில நிக்காது, கனம். ரெண்டு கையாலயும் பிடிங்க!"

அவர்கள் ஐந்து பேரும் அணையில் முதுகை முட்டுக்கொடுத்து வரிசையாகச் சாய்ந்து நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் ஆறு நின்றது. மற்ற நாலு பேரும் இலையைப் பிரித்துக் கடித்தார்கள்.

உடையான்தான் முதலில் வாய் திறந்தார். "அம்மாடி, என் மொச்சைக்குள்ள இவன் மீன் வந்து உக்காந்திருக்கே."

"உங்க மொச்சை இவ்வளவு ருசின்னு எனக்கு இத்தனை வருசமாத் தெரியாமப் போச்சேப்பா," என்றான் சடையன். வெள்ளம் வந்த பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது.

"அண்ணி, காரம் சரியா இருக்கு," என்றாள் மருதாயி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எனக்குக் காரம் அதிகம். ஆனா நல்லா இருக்கு," என்றாள் சிட்டு.

பூவாயி அவர்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தாள். உடையானின் முகம் தெளிந்திருந்தது. மருதாயியின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. மழையில் நனைந்துகொண்டு, சேற்றில் நின்றுகொண்டு, வீடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் பங்கை அப்போதுதான் பிரித்தாள்.

அணையின் மேல் ஏதோ அசைந்தது. நீர்நாய். வாயில் ஒரு குட்டியைக் கவ்வியிருந்தது. இன்னொன்று அதன் முதுகைப் பற்றித் தொங்கியது. வங்கு மூழ்கிவிட்டது. கலங்கிய வெள்ளத்தில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் அதுவும் காலையிலிருந்து பட்டினி. ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. நீர்நாய்கள் அப்போதெல்லாம் பிறரிடம் எதையும் வாங்கியதுமில்லை, தங்கள் இரையைப் பிறருக்குக் கொடுத்ததுமில்லை. கிடைத்ததைத் தரையில் போட்டு, முகத்தைப் புதைத்து, யாரும் வருமுன் விழுங்கிவிட்டு ஓடுவதுதான் வழக்கம்.

பூவாயி தன் பங்கை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை நீட்டினாள்.

"உனக்கு?" என்றது நீர்நாய், குட்டியைக் கீழே இறக்கிவிட்டு.

"எனக்கு இது போதும். நீ சொல்லலைன்னா நாங்க இந்நேரம் தண்ணிக்கடியில கிடப்போம். பிடி."

நீர்நாய் அதைக் கவ்விச் சேற்றில் வைக்கப் போனது. பூவாயி சட்டென்று குனிந்து அதன் முன்னங்கால்கள் இரண்டையும் பிடித்தாள்.

"கீழ வைக்காதே, கரைஞ்சிடும். இப்படி, ரெண்டு கையாலயும் பிடி. நெஞ்சோட சேர்த்துக்க. அவசரமே இல்லை. பிள்ளைங்களையும் கிட்ட வெச்சுக்க."

நீர்நாய்க்கு முதலில் பிடி வரவில்லை. பிறகு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தப் பாதியை நெஞ்சோடு அணைத்துக் கடித்தது. குட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக எட்டிக் கடித்தன. அது தடுக்கவில்லை. அடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கூடப் பிடித்தது.

தின்று முடித்துக் கையை நக்கிய நீர்நாய் சட்டென்று காதை நிமிர்த்தியது. "அணைக்கு அடியில தண்ணி சிரிக்குது," என்றது. குட்டிகளைச் சிட்டுவின் கைகளில் தள்ளிவிட்டு வெள்ளப் பக்கம் பாய்ந்தது. நூறு எண்ணும் நேரம் ஆகியிருக்கும். அணையின் நடுவில் தலை நீட்டிக் கத்தியது. "நண்டு வளை! முழங்கை போற அகலம்! உள்ளுக்குள்ள அரிச்சிட்டே இருக்கு!"

சடையன் கோரையும் களிமண்ணும் சேர்த்துத் திரித்த உருண்டையோடு குதித்தான். நீர்நாய் அவன் கையை வாயால் பற்றி இருட்டுத் தண்ணீருக்குள் வழி காட்டியது. மூன்று முறை மூழ்கி மூன்று உருண்டையை அடைத்தான். மூன்றாவது முறை அவன் மேலே வந்தபோது அணையின் கீழ்ப்பக்கத்துக் கசிவு நின்றிருந்தது. அதை விட்டிருந்தால் இன்னும் சற்று நேரத்தில் மொத்த அணையும் போயிருக்கும் என்று உடையான் சொன்னார். சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கினார்.

அதன் பிறகு ஒருவரும் கை ஓயவில்லை. ஆறு ஏறியது, இவர்களும் ஏற்றினார்கள். மேகத்துக்குப் பின்னால் பொழுது சிவந்தபோது கீழக்குடிப் பக்கமிருந்து பறை கேட்டது. ஒரு முறை. நின்று, மறுபடி. எல்லோரும் மேடேறிவிட்டார்கள்.

"ஓடுங்க!" என்றான் சடையன்.

சிட்டு குட்டிகளைத் தூக்கிக்கொள்ள, நீர்நாயும் கூடவே ஓடி வர, தெற்கு மேட்டில் ஏறி அவர்கள் திரும்பிப் பார்த்தபோது அணை சரிந்தது. பள்ளம் வழியாக வெள்ளம் இடிபோலப் பாய்ந்தது. குடிசை அப்படியே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, போய்விட்டது. கீழக்குடியின் நாற்பது வீடுகளும் போயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. நிறைமாசக்காரிக்குக் கீழக்குடிக்காரர்கள் ஏறிய மேட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பூவாயி என்றுதான் பெயர் வைத்தார்கள்.

வெள்ளம் வடிந்ததும் படுகையில் மறுபடி வீடுகள் எழுந்தன. கீழக்குடிப் பெண்கள் பூவாயியைச் சூழ்ந்துகொண்டு, அன்றைக்கு என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். "அதுக்குப் பேரு?" என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. எல்லார் பங்கையும் ஒன்றாய்ப் பொதிந்து வைத்ததால் பொதியடை என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

காலம் போகப் போக மனிதர்களும் பிராணிகளும் பேசிக்கொள்வது நின்றுபோயிற்று. ஆனால் அந்த ஆடியிலிருந்துதான், ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் நாளில் படுகைக்காரர்கள் தனித்தனிச் சட்டி வைக்காமல், வீட்டில் ஒவ்வொருவருக்கும் பிடித்ததை எல்லாம் ஒரே அடைக்குள் பொதிந்து, ஒன்றாய் நின்று இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். அந்த ஆடியிலிருந்துதான், நீர்நாய் மீனைத் தரையில் போடாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குட்டிகளைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து தின்கிறது.