இருபது என்று எழுதிய மூச்சு

மாசிலாமணிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலை நரைக்கும்வரை வைத்தியம் பார்த்துவிட்டு, இப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு மேற்படிப்புக்காக வந்திருந்தார். அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தவர் டாக்டர் ஜெரினா. வயதில் மிகவும் இளையவர். குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். இரண்டு பக்கமும் மரியாதை தளும்பியதில் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது.

ஜெரினாவிடம் ஒரு விஷயம் மாசிலாமணிக்குப் பிடிபடவேயில்லை. நிமோனியாவோடு படுத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு, “இவரை ஐசியூவுக்கு மாத்துங்க” என்பார். பொழுது சாய்வதற்குள் அந்த ஆள் மோசமாவார். எல்லோரும் கைவிட்ட இன்னொருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார்.

ஒருநாள் காலை மாசிலாமணி கேட்டேவிட்டார்.

“மேடம், யார் பிழைப்பாங்க, யார் போயிடுவாங்கன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

“எனக்குத் தெரியாது சார்.”

“தெரியாமலா சொல்றீங்க?”

“ஜன்னலோரம் இருக்கிறவர் எப்படி இருக்கார்?”

ஜன்னலோரம் இருந்தவர் வெள்ளையப்பன், பூ மார்க்கெட்டில் ஏலம் கூறுபவர். முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தார்.

“நல்லா இருக்கார் மேடம். காய்ச்சல் இல்லை. நாடி, பிரஷர் எல்லாம் பரவாயில்லை. தமாஷா வேற பேசுறார். என்னைப் பார்த்ததும், ‘கேரளா பார்ட்டி வந்தாச்சா’ன்னார். சிரிச்சுட்டேன்.”

“மூச்சு?”

“நிமிஷத்துக்கு இருபது.”

“எண்ணினீங்களா?”

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மூச்சு இருபது என்று எழுதுவது டாக்டர்களுக்குக் கைப்பழக்கம். நாடியை மிஷின் காட்டிவிடும். மூச்சை எண்ண வேண்டுமானால் ஒரு முழு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த ஒரு நிமிடம் மட்டும் யாரிடமும் இருப்பதில்லை. மாசிலாமணி தன் சர்வீஸ் முழுக்கப் பார்த்த ஜனங்கள் அத்தனை பேரும், கிழவரானாலும் குமரியானாலும், நிமிடத்துக்கு இருபது முறைதான் மூச்சு விட்டார்கள்.

இருவரும் ஜன்னலோரம் போனார்கள்.

வெள்ளையப்பனின் மனைவி பேச்சியம்மாள் எழுந்து நின்றாள்.

“கேரளா பார்ட்டின்னா யாரும்மா?” என்று கேட்டார் ஜெரினா.

“பூவெடுக்க வர்ற யாவாரிங்க டாக்டரம்மா. விடிஞ்சதுலேருந்து மார்க்கெட்டுல இருக்கிறதாவே நெனச்சுக்கிட்டு இருக்காரு. இந்த ஐயா தமாஷுன்னு சிரிச்சாக. நான் என்னத்தச் சொல்ல?”

மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போனது. வெள்ளையப்பன் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்க.” கொஞ்சம் இடைவெளி. “உக்காருங்க.” மறுபடி இடைவெளி. “சாப்ட்டாச்சா?”

“ஒரே மூச்சுல அத்தன யாவாரி பேரயும் சொல்லி ஏலம் விடுற மனுசன்” என்றாள் பேச்சியம்மாள்.

ஜெரினா தாழ்ந்த குரலில், “சார், அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க” என்றார்.

“நாடிதான் மிஷின்ல தெரியுதே மேடம்.”

“தெரியட்டும். மூச்சைப் பார்க்கிறோம்னு தெரிஞ்சா மூச்சு மாறிடும். கையைப் பிடிச்சா நாடி பார்க்கிறோம்னு நினைச்சுப்பார். நீங்க போர்வையைப் பாருங்க. அவர் இழுக்கும்போது நீங்களும் இழுங்க. அவர் விடும்போது விடுங்க.”

மாசிலாமணி அப்படியே செய்தார். முதலில் சின்னப்பிள்ளை விளையாட்டு போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் எண்ணிக்கை தவறிப்போனது. கழுத்து நரம்பு இழுத்தது, விரல் நுனிகள் மரத்தன, தலை சுற்றியது. நிமிடம் முடிவதற்குள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

வெள்ளையப்பன் நிறுத்தவில்லை. போர்வை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நேற்றிலிருந்து அந்த மனிதர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. இதற்கு நடுவே வந்தவரை உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயிற்றா என்றும் விசாரிக்கிறார். மாசிலாமணி எத்தனையோ நெஞ்சுகளின்மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்திருக்கிறார். அவற்றுக்குள்ளே ஒரு ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறான் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“மேடம், இவரால இன்னும் ரொம்ப நேரம் முடியாது. ஐசியூவுக்கு மாத்தணும், இப்பவே.”

“நான் ஒண்ணும் சொல்லலை சார்” என்றார் ஜெரினா. “நீங்கதான் சொல்றீங்க.”

அன்று சாயங்காலமே வெள்ளையப்பன் களைத்துவிட்டார். தொண்டையில் குழாய் வைத்து, மூச்சை மிஷினிடம் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் மாசிலாமணியை வழிமறித்தாள்.

“பொழச்சுருவாரா ஐயா?”

“தெரியலைம்மா” என்றார் அவர். இத்தனை வருட சர்வீஸில் அந்தச் சொல்லை அவர் நோயாளி வீட்டாரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. “நான் கூடவே இருக்கேன்.”

இருந்தார். வெள்ளையப்பனின் சிறுநீரகம் சுணங்கியது, பிறகு தேறியது. வராமல் இருந்த காய்ச்சல் தாமதமாக வந்து ஆட்டிவைத்துவிட்டுப் போனது. மிஷின் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி நிற்க, ஒருநாள் குழாயை எடுத்தார்கள். எடுத்ததும் அவர் இழுத்த முதல் மூச்சுக்காக மாசிலாமணி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் புறப்படும் நாளில் வெள்ளையப்பன் பையைக் கீழே வைத்துவிட்டு, வார்டு நடுவே நின்று மல்லிகைக்கு ஏலம் கூறினார். பாதியில் மூச்சு போதவில்லை. இருமினார். நெஞ்சில் கை வைத்து, இன்னொரு மூச்சு இழுத்து, மிச்ச வியாபாரிகள் பெயரையும் சொல்லி முடித்தார். மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதியத்துக்குள் அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார். சந்தனமேரி என்ற வயதான அம்மாள், அவருக்கும் நிமோனியாதான். ஜெரினா ரவுண்ட்ஸ் வந்தபோது மாசிலாமணி ஸ்டூலைப் போட்டு, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எப்படி சார், பிழைச்சுருவாங்களா?” என்றார் ஜெரினா.

“தெரியாது மேடம்.”

“நாடி?”

“அதுவும் தெரியாது.” மாசிலாமணி போர்வையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜெரினா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எண்ணி முடிச்சுட்டுச் சொல்லுங்க” என்றார். “நான் இருக்கேன்.”