துணி கட்டிய காய்

துணி கட்டிய காயை யாராவது பறிப்பார்களா? நீயே சொல்லு.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி பேச்சித்தாய் கேட்டது இதைத்தான்.

கேட்டது மரகதத்திடம்.

மரகதம் அவளைவிடப் பத்து வயது சிறியவள். இடுப்பில் எந்நேரமும் ஒரு பிள்ளை. ஆனாலும் பீர்க்கங்காயைக் கொடியிலேயே காயவிட்டு, தோலுரித்து, விதையைத் தட்டி, உடம்பு தேய்க்கிற நாராக்கி விற்கலாம் என்று அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். அதனால் மூத்தவர்களும் அவளை வாத்திச்சி என்பார்கள். பாதி கேலி, பாதி மரியாதை.

விதைக்கு விடுகிற காயில் துணி கட்டுவது அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. கட்டிவிட்டால் அதில் யாரும் கை வைப்பதில்லை. நாருக்கு விடுகிற காய்க்கும் அப்படியே கட்டுங்கள் என்று வாத்திச்சி சொல்லியிருந்தாள்.

பேச்சித்தாயும் கட்டியிருந்தாள். டவுனில் சோப்பு செய்து விற்கிற அம்மா பொங்கலுக்குள் ஒரு மூட்டை நார் கேட்டிருந்தார். நார் நன்றாக இருந்தால் வருஷம் முழுக்க இவளிடமே வாங்குவார். இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். அதற்காக ஆடி மாசத்திலிருந்து அந்தக் கொடியைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

இன்று காலை பார்த்தால் சுவரோரம் தொங்கிய காய்களைக் காணவில்லை. அடுப்பில் கூட்டு கொதிக்கிறது. பறித்தவள் அவளுடைய ஓரகத்தி ஆவுடை. கணவனின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு.

"போன வாரமே ஒரு காய் கேட்டா. துணி தொங்குதே, கண்ணு தெரியலையான்னு நல்லாக் கேட்டேன். இன்னைக்குப் பறிச்சேபுட்டா. அவுத்த துணியை என்ன செஞ்சா தெரியுமா? மடிச்சு என் தலையணை மேல வச்சிருக்கா. தூக்கி எறிஞ்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். மடிச்சிருக்கா, வாத்திச்சி."

மரகதம் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"கொடியைச் சுத்தி முள்ளு போட்டு அடைக்கவா? இல்ல, தனி அடுப்பு வச்சிரவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. சொல்லாம நான் போகமாட்டேன்."

மரகதம் பிள்ளையைத் தூக்கிப் பேச்சித்தாயின் இடுப்பில் வைத்தாள்.

"இவனைப் பிடிங்கக்கா. அப்படியே பின்னாடி போயி தொவையலுக்கு ரெண்டு பிஞ்சு பறிச்சிட்டு வாங்க."

"நான் என்ன கேக்கேன், நீ என்ன சொல்லுத."

"உலை வச்சாச்சு. பறிச்சிட்டு வந்து திட்டுங்க."

பேச்சித்தாய் போனாள். போகிற வழியில் கிடந்த வாளியை ஒரு உதை விட்டாள். பிள்ளைக்கு அது பிடித்துப்போய்ச் சிரித்தது. அதற்கும் ஒரு அதட்டல்.

பந்தலுக்கு அடியில் போய் நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துணி கட்டிய காய்கள் இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒவ்வொன்றும் முழங்கை நீளம், புஜத் தண்டி. மற்றபடி பந்தல் முழுக்கப் பிஞ்சுகள். துணி இல்லாமல், சும்மா, கைக்கு எட்டுகிற உயரத்தில்.

இரண்டைப் பறித்துக்கொண்டு வந்து அம்மிப் பக்கம் போட்டாள்.

"இத்தனை பிஞ்சை ஏன் சும்மா விட்டிருக்க? கட்டினா நாராகாதா?"

"ஆகும்."

"பின்ன?"

"எங்க அத்தைக்குத் தொவையல்னா உசுரு. அதுவுமில்லாம, எல்லாத்தையும் சுமக்கச் சொன்னா கொடி எதைப் பெருக்க வைக்கும்? காய் விரல் தண்டியில நிக்குதுன்னு போன மாசம் நீங்கதானே கொடியை வஞ்சீங்க."

"அது கொடியோட கோளாறு. நான் ஒண்ணு விடாமக் கட்டியிருந்தேன்."

"ஒண்ணு விடாமயா?"

"ஒண்ணு விடாம."

பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளையின் அரைஞாண் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றாள்.

மரகதம் பிஞ்சை நறுக்கி வாணலியில் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்தனை காய்க்கும் துணிக்கு எங்க போனீங்க?"

பேச்சித்தாய் வாயைத் திறந்தாள்.

ஆவுடையின் நீலச் சேலை. ஒரு ஓரம் மட்டும் நைந்தது. கொடி பூத்த அன்றைக்கு அவள்தான் அதைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து, இன்னும் ஒரு வருஷம் கட்டலாம், பரவாயில்லை என்று சொல்லி, உட்கார்ந்து கிழித்துக் கொடுத்தாள். ஒரே அகலத்தில்.



மிளகாய் வறுபட்டு நெடி ஏறியது. இரண்டு பேரும் இருமினார்கள். பிள்ளை தும்மியது.

"நான் வாரேன்" என்று பேச்சித்தாய் பிள்ளையைக் கீழே இறக்கினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்கக்கா."

"எனக்கு இன்னும் கோவம் தீரல."

"தீர வேண்டாம். அதையும் எடுத்துக்கிட்டே போங்க."

எடுத்துக்கொண்டுதான் போனாள். வழியெல்லாம் ஆவுடையைத் திட்டினாள். பாதி வழிக்கு மேல் யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை.

வீட்டில் கூட்டுச் சட்டி மூடியபடியே இருந்தது. ஒருவரும் தொடவில்லை. ஆவுடை முதுகைக் காட்டிக்கொண்டு, அது நசுங்கினாலும் சரி என்பதுபோல ஒரு குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, சட்டியில எத்தனை துண்டு கெடக்குன்னு எண்ண வந்தியா?" என்றாள், திரும்பாமலே.

பேச்சித்தாய்க்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பதிலும் நாக்கு நுனிவரை வந்தது.

உள்ளே போனாள். தலையணை மேல் இருந்த நீலத் துணிகளை மடிப்புக் கலையாமல் எடுத்து வந்தாள். ஆவுடையின் ஈரக் கை படாதபடி, அவள் முந்தானை கிடந்த இடத்தில் வைத்தாள்.

குரல் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"எதை விடணும், எதைக் கட்டணும்னு நீயே வந்து பாத்துக் கட்டிக் குடு, அக்கா. எனக்குக் கட்டத் தெரியல."