தூக்குச்சட்டியில் போன தேரை

சாரல் பிடித்துவிட்டால் மலையடிவாரத்தில் விருந்தாளிக்கு முன்னால் தேரை வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிடும். சிவகாமி அம்மையின் குடிலுக்கும் ஒன்று வந்தது. விளக்கு வைத்த கையோடு கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நுழைந்தது. நேரே திருமலைக்கொழுந்தின் பாய் ஓரத்துக்குப் போய், தொண்டையை ஆட்டிக்கொண்டு அவரையே பார்த்தது.

“பெரியவரே, உங்களத் தேடி ஆள் வந்திருக்கு” என்றாள் அம்மை.

அம்மைக்கு வயது நாற்பது சொச்சம். அவளைக் குருவாக ஏற்று வந்திருந்த திருமலைக்கொழுந்துக்கு அறுபது தாண்டியாயிற்று. அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரைப் பெரியவரே என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

திருமலைக்கொழுந்து சிரட்டையால் தேரையை மூடி, அடியில் ஓலையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விட்டார். மறுநாள் விளக்கு வைத்ததும் அது மறுபடி வந்தது. முதுகில் பழைய தழும்பு ஒன்று இருந்ததால் அதே ஆள்தான் என்று தெரிந்தது.

“வெரட்டி விட்டாலும் வருதே, கொஞ்சமாவது ரோசம் இருக்கா இதுக்கு?”

“உங்க அளவுக்கு இருக்காது” என்றாள் அம்மை.

அவருடைய ரோசம் ஊரறிந்தது. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் வீட்டை ஓட்ட ஆரம்பித்தார். உலை இப்போது வை, கோலத்தை இடப்பக்கம் தள்ளிப் போடு, காப்பி ஏன் தாமதம் என்று ஓயாத அதட்டல். ஒருநாள் வாசலில் வைத்து அவர் மனைவி ஆவுடையம்மாள் சொன்னாள்: “பஸ்ஸ விட்டு எறங்கியாச்சு. இன்னும் ஹாரன் அடிக்கத விடலியே!”

தெருவே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா நான் திருமலைக்கொழுந்து இல்ல!” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். உடுத்திய வேட்டியோடு கிளம்பி வந்தவர்தான். மழைக்காலம் ஒன்று முடிந்து அடுத்த வருஷத்துச் சாரலும் தொடங்கிவிட்டது.

பகல் எப்படியோ போய்விடும். விறகு பிளப்பார், தண்ணீர் சுமப்பார். விளக்கு வைக்கும் நேரம்தான் ஆகாது. அந்த நேரத்தில் ஆவுடையம்மாள் முகம் கழுவி, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடியே, “எங்க இருக்கீக, காப்பி ஆறுது” என்று அடுக்களையிலிருந்து கூப்பிடுவாள். அந்தக் குரலுக்கு அவர் மனசு ஏங்கிப்போய்க் கிடந்தது. வெளியில் சொல்ல வெட்கம். பாயில் உட்கார்ந்து தேரையை முறைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டே விட்டார்.

“அம்மா, காவி கட்டுனா வீட்டு நெனப்பு போயிருமா?”

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“இந்தத் தேரை வராம இருக்கட்டும். அப்போ கேளுங்க, பேசுவோம்.”

அன்றிலிருந்து திருமலைக்கொழுந்துக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று.

விளக்கைக் கொண்டுபோய் வெளியே மாட்டினார். பூச்சிகள் அங்கே போயின, பூச்சிகளின் பின்னால் மற்றத் தவளைகள் எல்லாம் போயின. தழும்புக்காரத் தேரை மட்டும் இருட்டில் உள்ளே வந்தது. கதவிடுக்கில் சாக்கைச் சுருட்டிச் செருகினார். அது வெளியே சாக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் கதவைத் திறந்ததும் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. கடைசியில் வாசலில் கல்லுப்பைத் தூவினார்.

அம்மை அதைப் பார்த்தாள். “பெரியவரே, செருப்பக் கழத்திட்டு அது மேல கொஞ்சம் நில்லுங்க.”

பித்தவெடிப்பு விட்ட கால். சாரலில் உப்பு கரைந்திருந்தது. ஏறி நின்றவர் ‘ஆத்தாடி’ என்று துள்ளிக் குதித்தார்.

“உங்களுக்குக் குதிகால்தான். அதுக்கு உடம்பெல்லாம் அப்படி எரியும்” என்று சொல்லி, அம்மை தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பூனை ஞாபகம் வந்தது. வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி, வழி தெரியாமல் இருக்கச் சுற்றிச் சுற்றித் திருப்பி, தொலைவில் கொண்டுபோய் விடுவது ஊர்வழக்கம். பூனைக்குச் செய்வதைத் தேரைக்குச் செய்தால் என்ன? தேரையைத் தூக்குச்சட்டியில் போட்டு, ஈரத்துணியால் வாயைக் கட்டி, பஸ் ஏறினார். வளைவுக்கு வளைவு சட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கண்டக்டர் இசக்கி அவரோடு பல வருஷம் வேலை பார்த்தவன். டிக்கெட் போட வந்தவன் சட்டியைப் பார்த்தான்.

“என்ன அண்ணாச்சி, ரசமா?”

“தேரை.”

இசக்கி மேலே கேட்கவில்லை. சாமியாரிடம் போனவர்கள் எதை வேண்டுமானாலும் சுமப்பார்கள் என்று நினைத்திருப்பான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

“வீட்டுல மைனி ஒரு மாதிரி ஆயிட்டாக, அண்ணாச்சி. பொறவாசக் கதவுக்குத் தாழே போடுதது இல்ல. களவாணிப்பய நொழஞ்சா என்ன செய்வீகன்னு கேட்டேன். வாரவுக வரட்டும்ங்காக.”

“புத்திகெட்ட பொம்பள” என்றார் திருமலைக்கொழுந்து. அடுத்த வளைவில் சட்டியைச் சுற்ற மறந்துபோனார்.

எத்தனையோ ஊர் தாண்டியது, எத்தனையோ குளம் வந்தது. அவர் இறங்கவில்லை. தன் ஊர்க் குளம் வந்ததும் இறங்கினார். தெருப் பக்கம் போகாமல் குளத்தங்கரை வழியாக நடந்தார். கரையிலிருந்து பார்த்தால் அவர் வீட்டின் புறவாசல் தெரியும். முருங்கை மரமும் துவைகல்லும் கொடிக்கயிறும் இருந்த இடத்தில் இருந்தன.

துணியை அவிழ்த்துச் சட்டியைச் சாய்த்தார். தேரை கொஞ்சம் தயங்கி, புல்லுக்குள் போயிற்று. வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் ஆலமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கொடியில் ஆவுடையம்மாளின் சேலை காய்ந்தது. பக்கத்தில் அவருடைய வேட்டி காய்ந்தது. பெட்டிக்குள் விட்டுவிட்டு வந்த வேட்டி. யாரும் கட்டாத வேட்டியை அவள் எதற்குத் துவைக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாமலே கண்ணில் தண்ணீர் வந்தது.

தூறல் விழவும் அவள் ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். தன் சேலையை விட்டுவிட்டு முதலில் வேட்டியை எடுத்தாள். உதறி மடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிறகு சேலையையும் உருவிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவின் தாழ் துருப்பிடித்தது. போட்டால் குளத்தங்கரை வரை கிறீச்சென்று கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தம் வரவில்லை.

நனைந்தபடியே கடைசி பஸ் பிடித்துக் குடிலுக்கு வந்து சேர்ந்தார்.

மறுநாள் விளக்கு வைத்தார்கள். தேரை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. திருமலைக்கொழுந்து பாயில் உட்கார்ந்து கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சருகு அசைந்தால் எழுந்து போய்ப் பார்த்தார். பாய் ஓரம் வெறிச்சென்று கிடந்தது. போய்த் தொலைந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவருக்குச் சோறு இறங்கவில்லை.

சாரல் கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

“தேரை வரல்லம்மா. காவி குடுங்க.”

அம்மை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றால் கதவிடுக்கைக் காட்டினாள்.

“இங்க செருகி வச்ச சாக்கு எங்க?”

“எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

அவர் தரையைப் பார்த்தார். “இல்ல... ஒருவேள வந்துட்டா? அம்புட்டுத் தூரம் தாண்டி வந்து, இடுக்கு அடைச்சுக் கெடந்தா பாவம்லா.”

அம்மை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“எங்க கொண்டுபோய் விட்டீங்க?”

“எங்க ஊர்க் குளத்துல.”

“வழியில வேற குளமே இல்லையா?”

பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. ஆலமரத்தையும் வேட்டியையும் சத்தம் வராத தாழையும் சொன்னார். இசக்கி சொன்னதையும் சொன்னார்.

“அவளப் பாக்காம இருக்க முடியலம்மா. எழுந்திரிச்சா அவ நெனப்பு, படுத்தா அவ நெனப்பு. ஆனா நான் எந்த மூஞ்சியோட போவேன்? வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு தெருவே கேக்கச் சொல்லிட்டு வந்தவன். போய் நின்னா எல்லாவனும் கைகொட்டிச் சிரிப்பான். அவளும் அன்னைக்குச் சிரிச்சவதான்.”

அம்மை உள்ளே போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குச்சட்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“அந்தத் தேரை ஒருநாளாவது வாசப்படி ஏறி வந்துச்சா, பெரியவரே?”

“இல்லம்மா. இடுக்கு வழியாத்தான் வரும்.”

“நீங்க ஆணையிட்டது வாசப்படி மேல. அந்த அம்மா தாழ் போடாம வச்சிருக்கறது பொறவாசக் கதவ.”

திருமலைக்கொழுந்து தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே சாலையில் அவர் ஊருக்குப் போகும் காலை பஸ் ஹாரன் அடித்தது.