கலாமணிக்கு ஒரு டி.வி.

குருவம்மாவிடம் மோட்சத்துக்கு வழி கேட்டவர்கள் உண்டு. மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறதே என்று அழுதவர்கள் உண்டு. எந்த டி.வி. வாங்கலாம் என்று கேட்ட முதல் ஆள் சென்னியப்பன்தான்.

ஈரோட்டுக்கு வெளியே வாய்க்கால் ஓரத்து வீடு. சனிக்கிழமை காலையில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்து எழுந்த நேரம். கேள்வியைக் கேட்டதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். குருவம்மா சிரிக்கவில்லை.

"யாருக்குங்க அண்ணா?" என்றார்.

சென்னியப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், பெருந்துறைப் பக்கம் நூல் மில் வைத்திருப்பவர். சீடராக வந்து வருஷக்கணக்கு ஆகியும் குருவம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சென்னியப்பன் பதிலுக்கு அம்மா என்பார்.

"கலாமணிக்குங்கம்மா."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கலாமணி அவர் மனைவி. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. கோயமுத்தூர் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார், லேசர் வைத்துப் பார்த்தார், கடைசியில் கையை விரித்துவிட்டார். ஓரப் பார்வை மட்டும் மிச்சம், அதை வைத்துப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கலாமணிக்குச் சினிமா என்றால் உசிர். கல்யாணமான புதிதில் சென்னியப்பன் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பவானி, கோபி என்று ஒரு கொட்டகை விடாமல் கூட்டிப் போயிருக்கிறார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த நாளிலும் ஒன்றாகப் போய், ஒன்றாக அழுது, வழியில் சமாதானமாகி வந்திருக்கிறார்கள். அதுவும் போய்விட்டால் தங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சம் என்ன என்பதுதான் அவர் பயம். மனுசன் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொல்லாதவர் வேறென்ன செய்வார்? மகள் கல்யாணமாகிப் போனபின் மாடியில் காலியாகக் கிடந்த அவள் அறையை இடித்துப் பெரிசாக்கினார். சுவரெல்லாம் கறுப்பு மெத்தை, நாலு மூலையிலும் ஸ்பீக்கர், சாய்ந்தால் காலைத் தூக்கிவிடுகிற நாற்காலி இரண்டு. எதிரே டி.வி. மாட்டினார். அது போதவில்லை என்று அதைவிடப் பெரிசு. அதுவும் போதவில்லை என்று அதையும்விடப் பெரிசு. கழற்றியவற்றில் ஒன்று மச்சான் வீட்டுக்குப் போயிற்று. இன்னொன்று மில் வாட்ச்மேன் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

"இப்ப ரெண்டு பார்த்து வெச்சிருக்கேனுங்க. ரெண்டும் ஆள் உசரம். ஒண்ணு கறுப்பை நல்லாக் காட்டுதாம், இன்னொண்ணு வெளிச்சம் சாஸ்தியாம். எனக்கு ஒண்ணும் ஓடலீங்க. நீங்க சொன்னா அதை மாட்டிடுவேன்."

"அக்கா என்ன சொல்றாங்க?"

"அவ எல்லாத்தையும் நல்லா இருக்குதுங்கறா."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

"படம் ஓடறப்பக் கேள்வி கேப்பாளுங்க. இப்ப வந்தது யாரு, அவன் ஏன் பேசாம நிக்கறான், இந்த மாதிரி. அப்பத் தெரிஞ்சு போயிருதுங்களே, இவளுக்குத் தெரியலைன்னு. உடனே அடுத்த சைஸுக்குப் போயிருவேன்."

"கேட்டா என்ன சொல்வீங்க?"

"கவனமாப் பாரு கண்ணு, தெரியும்னு சொல்வேனுங்க. நானே எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் அந்த ஓரப் பார்வையும் சோம்பேறி ஆயிருமேங்கம்மா."

"இப்பவும் கேக்கறாங்களா?"

சென்னியப்பன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "இல்லீங்க. இந்த டி.வி. வந்தப்புறம் ஒரு கேள்வி இல்லை. சத்தமே இல்லாம உக்காந்து பாக்கறா. அதாங்க, இது பாதி ஒத்துக்கிச்சு. இன்னும் ஒரு சைஸ் பெரிசாப் போட்டா முழுசாத் தெரிஞ்சிரும்."

குருவம்மா அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எப்பக் கடைக்குப் போறீங்க?"

"நாளைக்குங்க."

"அக்காளையும் கூட்டிட்டு வாங்க. நானும் வர்றேன்."

டி.வி. கடைக்கா! அங்கே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் குருவம்மா வெள்ளைச் சேலையோடு அந்தப் பெரிய கடைக்குள் நுழைந்ததும் வாசலில் நின்றவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். உள்ளே சுவர் முழுக்க டி.வி. எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் மயில் தோகை விரித்தது, பூ மலர்ந்தது, தண்ணீர்த் துளி மெல்ல மெல்ல விழுந்தது. மில்லில் எந்நேரமும் இரைச்சலோடு இருக்கிற சென்னியப்பனுக்கே அங்கே தலை சுற்றியது.

கலாமணி நல்ல பட்டு ஒன்று கட்டி, பூ வைத்து வந்திருந்தார். சென்னியப்பன் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் சோபாவில் உட்கார வைத்தார். பக்கத்தில் குருவம்மா உட்கார்ந்தார். விற்பனை செய்கிற ரியாஸ் முதல் டி.வி.யைக் காட்டினார்.

"இது எப்படி இருக்குது?" என்றார் சென்னியப்பன்.

"நல்லா இருக்குதுங்க."

இரண்டாவது டி.வி.க்கு நேராக சோபாவை நகர்த்தினார்கள்.

"இது?"

"இதுவும் நல்லா இருக்குதுங்க."

"ரெண்டுல எது கண்ணு?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ அது."

சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். "தம்பி, இந்த மயிலு குயிலெல்லாம் வேண்டாம். ஏதாச்சும் படம் ஒண்ணு போடுங்க. மனுசங்க முகத்தைப் பாக்கோணும்."

ரியாஸ் ரிமோட்டை எடுத்து எதையோ மாற்றினார். சென்னியப்பன் டி.வி.யைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து டி.வி.யிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

"இப்ப எப்படி?"

கலாமணி நேரே பார்த்து, ஒரு முறை தலையாட்டினார். "இதுதானுங்க நல்லா இருக்குது. கலரு கண்ணைப் பறிக்குது. இதையே எடுத்துருங்க."

ரியாஸிடமிருந்து பேச்சு வரவில்லை. என்ன ஆச்சு என்று சென்னியப்பன் திரும்பினார். எதிரே டி.வி. அணைந்து கிடந்தது. படம் இன்னும் வரவே இல்லை. சோபாவில் இருந்த இருவரும் பக்கத்தில் நின்ற அவரும் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தார்கள்.

ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னுங்க, ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?" என்றார் கலாமணி.

குருவம்மாதான் கலாமணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"டி.வி. ஓடலீங்க அக்கா."

கலாமணி மெல்லச் சொன்னார்.

"ஒரு நாளைக்கு இப்படி மாட்டுவேன்னு தெரியுங்கம்மா."

"உங்களுக்கு என்ன தெரியுது?"

"ஓரத்துல ஏதோ ஆடறது தெரியும். இங்க சுத்தியும் ஆடுது, எது எதுன்னு புரியலை. நேராப் பார்த்தா ஒண்ணுமில்லை. எத்தனை பெரிசு வெச்சாலும் முகம் இருக்கிற எடத்துல முகம் இருக்கறதில்லைங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லலே?" சென்னியப்பனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இத்தனை நாளா நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு ஏன் சொன்னே?"

"தெரியலைன்னு சொன்னா நீங்க அடுத்ததுக்கு ஓடறீங்க. வாங்கிட்டு வந்து, நாலு ஆளை வெச்சு மாட்டி, நட்டுவெச்ச மாதிரி எம்மூஞ்சியையே பார்த்துட்டு நிப்பீங்க. உங்களை எத்தனை தடவை ஓட விடறதுங்க?"

"அதுக்காக? கேள்வி கேக்கறதையும் நிறுத்திட்டியே."

"கேட்டா கவனமாப் பாருன்னீங்க." கலாமணியின் குரல் கொஞ்சம் உடைந்தது. "நான் கவனமாத்தானுங்க பார்த்தேன்."

மாடி அறையில் அந்தப் பெரிய நாற்காலியில், ஒரு கேள்வியும் கேட்காமல், ஒன்றும் தெரியாமல், மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, பாதி ஒத்துக்கிச்சு என்று சந்தோஷப்பட்டவர் சென்னியப்பன். தன்னை நினைத்து அவருக்கு அருவருப்பாக வந்தது. கடை என்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

யாரும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குருவம்மா ரியாஸிடம் சொன்னார்.

"தம்பி, கேட்டிருந்த படத்தைப் போடுங்க. சத்தம் மட்டும் வேண்டாம்."

படம் வந்தது. ஏதோ ஒரு படம். சென்னியப்பன் அதை முன்பு பார்த்ததில்லை.

"கேளுங்க அக்கா," என்றார் குருவம்மா.

"என்னத்தைங்கம்மா?"

"நிறுத்தினீங்களே, அதை."

கலாமணி தயங்கினார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"யாருங்க வந்திருக்கறது?"

சென்னியப்பன் துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு பொம்பளை."

"பொம்பளைன்னா? வயசு?"

"நம்ம மக வயசிருக்கும்."

"என்ன சீலை?"

நாற்பது வருஷக் குடித்தனத்தில் மனைவியின் சேலை நிறத்தையே கேட்டால் முழிக்கிற மனுசன். "பச்சை," என்றார். பிறகு உற்றுப் பார்த்து, "இல்ல இல்ல. பச்சை அவ பின்னாடி இருக்கிற கதவு. சீலை மாம்பழக் கலரு. கசங்கிக் கிடக்குது."

"எங்க நிக்கறா?"

"பஸ் ஸ்டாப்புல. கையில சோத்து டப்பா."

"பஸ்ஸுக்கா நிக்கறா?"

"இல்ல. ரெண்டு பஸ் போயிருச்சு, ஏறலை. எறங்கறவங்களைத்தான் பாக்கறா." சென்னியப்பன் தரையிலிருந்து எழுந்து வந்து கலாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குருவம்மா நகர்ந்து இடம் விட்டார். "யாரையோ எதிர்பாக்கறா."

"மூஞ்சி எப்படி இருக்குது?"

சென்னியப்பன் முன்னால் சாய்ந்து பார்த்தார். எந்த நடிகையின் முகத்தையும் அவர் இப்படிப் பார்த்ததில்லை.

"சிரிக்கற மாதிரிதான் வெச்சிருக்கா," என்றார். "யாராச்சும் திடீர்னு வந்து எறங்கினா, அழுத மூஞ்சியோட நிக்கக் கூடாதுன்னு. ஆனா உதடு நிக்க மாட்டேங்குது, கண்ணு."

கலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவன் வரமாட்டானுங்க," என்றார்.

"இரு, இரு. மூணாவது பஸ் வருது."

"யாரு எறங்கறா?"

"ஒரு கெழவன். ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளை. அப்புறம்... அவ்வளவுதான். கதவு சாத்திட்டான்."

"டப்பாவை என்ன பண்ணினா?"

"அங்கயே பெஞ்சுல வெச்சுட்டுப் போறா. இல்ல, நில்லு. திரும்பி வந்து எடுத்துக்கிட்டா."

"எடுப்பா. நாளைக்கும் வரோணுமில்ல?" என்றார் கலாமணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே புருஷன் தோளில் ஒரு இடி இடித்தார். "சீலைக் கலரையே மாத்திச் சொல்ற ஆளு, கதையைச் சரியாச் சொல்றீங்களான்னு யாருக்குத் தெரியும்?"

ரியாஸ் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். வேறு ஆள் வந்து கூப்பிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

படம் அடுத்த காட்சிக்குப் போயிற்று. சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்த இரண்டு டி.வி.களுக்கும் நடுவில் போய் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மறுபடி குருவம்மாவிடமே வந்தார்.

"எனக்குப் புரியலீங்கம்மா. எது வாங்கினாலும் இவளுக்குத் தெரியப் போறதில்லை. இப்ப நான் எதைத்தான் வாங்கறது?"

குருவம்மா எழுந்து கலாமணியின் கையை அவர் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"உங்க கண்ணுக்கு எது தெளிவாத் தெரியுதோ, அதை வாங்குங்க அண்ணா. பார்த்துச் சொல்லப் போறது நீங்கதானே."