எதுவரை என்று எழுதாதவன்

‘காத்திரு’ என்று எழுதினாயே மகராசா, எதுவரை என்று ஒரு வார்த்தை எழுதினாயா? சுருளியப்பனுக்கு அன்றைக்கு வந்த வினையெல்லாம் உன்னால்தான்.

சுருளியப்பன் தலைச்சுமையாகத் தக்காளி விற்று, சண்டை போட்டுச் சண்டை போட்டே மண்டி வைத்தவர். லாரி பிடிக்கப் போனில் ஒரு ஆப் வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் அது லாரிக்காரரைக் கேட்கும். அவர் ‘வரேன்’ என்று பதில் போட வேண்டும். அன்று லாரிக்காரர் பரோட்டா தின்னப் போய்விட்டார். ஆப்பில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கூடைக்குள் தக்காளிக்கு வியர்த்தது.

அந்த ஆப்பை எழுதிய நீ எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டாய். அதைப் பார்த்துக்கொள்ளும் சூரர்கள் மூவர் மண்டி மாடியில் இருந்தார்கள்: சிகாமணி, ஞானவடிவு, சேர்மதுரை.

“டேய், அஞ்சுக்கு மேல காத்திருக்காதேன்னு எழுதுங்கடா! பதில் வரலைன்னா அடுத்த லாரியைக் கேக்கட்டும்!” என்று கீழிருந்து கத்தினார் சுருளியப்பன்.

ஆப்புக்குப் புரிகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘5’ என்றே எழுதினார்கள். அதற்கு ஐந்து என்றால், ஒரு நொடியை ஆயிரமாகக் கிழித்ததில் ஐந்து துண்டு. கண் சிமிட்டுவதற்குள் ஊர் லாரி அத்தனையையும் கேட்டு முடித்து, ஒருத்தனுக்கும் வாயில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

“அஞ்சு நிமிஷம்டா, அறிவுக்கொழுந்துகளா!”

மூவரும் கூடி யோசித்தார்கள்.

“லாரிக்காரரையும் அஞ்சு நிமிஷக் கடிகாரத்தையும் ஒண்ணா ஓட விடுவோம். யார் முந்துறாங்களோ, அவங்க சொல்றதுதான் முடிவு” என்றான் சிகாமணி.

“தோத்தவரை நிறுத்தணுமே?” என்றான் ஞானவடிவு.

“எதுக்கு? ஓடட்டும், பாவம். உடம்புக்கு நல்லது.”

கடிகாரம் முந்தியது. அடுத்த லாரியைக் கேட்டது. மறுபடி கடிகாரமே முந்தியது. ஊர் லாரிக்காரர்கள் எல்லாரும் அதே கடையில்தான் சால்னா ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கை கழுவி, போனைப் பார்த்து, ஆளுக்கு ஒரு ‘வரேன்’ போட்டார்கள். ஒரு லோடு தக்காளிக்கு ஊர் லாரியெல்லாம் மண்டி வாசலில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றாலும் நகர முடியவில்லை.

“காத்திருக்கிறதை விட்டா, கேட்டதையும் ரத்து பண்ணணும்னு தெரியாதாடா?”

“நீங்க ‘காத்திருக்காதே’ன்னுதானே சொன்னீங்கண்ணே?”

“இப்பச் சொல்றேன், ரத்து பண்ணித் தொலைங்க!”

மூவரும் விசைப்பலகையைத் தட்டினார்கள். ஒரு லாரியும் அசையவில்லை. சுருளியப்பன் மாடியேறிப் போனால், மூவரும் கைகட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அதே வட்டம்.

“‘ரத்து பண்ணலாமா’ன்னு லாரிக்காரங்களைக் கேட்டிருக்கோம்ணே. பதிலுக்குக் காத்திருக்கோம்” என்றான் சேர்மதுரை.

லாரிக்காரர்கள் வண்டியை வாசலில் போட்டுவிட்டு மறுபடி பரோட்டாவுக்குப் போயிருந்தார்கள்.

“எதுவரைக்கும்டா காத்திருப்பீங்க?”

“அது தெரியாதுண்ணே. பழைய ஆள் எழுதின ‘காத்திரு’ங்கிற வரியையே எடுத்துப் போட்டோம். ராசியான வரி.”

கீழே தக்காளிச் சாறு வாசற்படி தாண்டிவிட்டது. நீ வரும்வரை காத்திருக்கலாம் என்று சேர்மதுரை பாய் விரித்துப் படுத்தே விட்டான். அடேய் மகராசா, அவனுக்குத் தலையணை தேடுவதற்குள்ளாவது வந்து, அந்த ‘எதுவரை’யை எழுதிவிட்டுப் போ!