கொடி ரோஜாவுக்கு ஒரு மரம்

"செங்கமலத்தை மடத்தை விட்டு அனுப்ப உத்தரவு குடுங்கம்மா" என்றார் தணிகாசலம்.

மேல்மலை மடத்துத் தோட்டத்தில் குந்தியிருந்த ஞானாம்பிகை அம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஈரச் சாக்கில் சுற்றி வந்த கொடி ரோஜாச் செடியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

குரு அவர்தான். ஆனால் சீடரைவிட வயதில் இளையவர். அதனால் தணிகாசலத்தை 'நீங்க' என்றுதான் சொல்வார். அந்த 'நீங்க'வில் தப்பிக்க இடமே இருக்காது.

கீழ்மலையில் ஒரு சிறிய மடத்தைத் தணிகாசலத்திடம் அவர் ஒப்படைத்து வெகுகாலம் ஆகிறது. சுற்று வட்டாரத்தில் தணிகாசலத்தின் பேச்சுக்கு நல்ல பேர். பேர் இருக்கிற வரைக்கும் மனுஷனுக்கு மலை ஏறுகிற வேலை வருவதில்லை.

இன்றைக்கு மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார்.

"என்ன தப்பு பண்ணினா?"

"தப்புன்னு இல்ல."

"சோம்பேறியா?"

"எனக்கு முந்தி எந்திரிச்சிடறா."

"பின்னே?"

"கொஞ்சம் வேகம் ஜாஸ்திம்மா. சிஷ்யையா வந்து ஒரு வருஷம்கூட ஆகல. மடம்னா ஒரு ஒழுங்குன்னு இருக்குல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். அம்மா அந்தச் சோற்றைக் கிளறவில்லை.

"அது இருக்கட்டும். இந்தச் செடிக்கு முதல்ல ஒரு மரம் சொல்லுங்க. மேல ஏத்தி விடணும்."

தணிகாசலம் தோட்டத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார்.

"வாசல்ல நிக்குதே, அந்தப் பேரிக்கா மரம்."

"ஏன் அது?"

"வர்றவங்க கண்ணுல மொதல்ல படும். பூத்துதுன்னா மடத்துக்கே அழகு."

அம்மா எழுந்து வாசலுக்கு நடந்தார். தணிகாசலம் பின்னால் போனார்.

"தள்ளிப் பாருங்க."

மரத்தைத் தள்ளிப் பார்க்காமல் கொடி ஏற்றுவது அந்த மடத்தில் வழக்கமில்லை. தணிகாசலம் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினார். மரம் ஆடியது. அடியில் மண் லேசாக விரிசல் விட்டுத் தூக்கிக்கொண்டது.

"இந்த ஜாதிக் கொடி ரெண்டு மூணு வருஷத்துல கூரையைத் தாண்டும். அது ஐப்பசி மழையில நனைஞ்சு, காத்தும் அடிச்சா?"

"மரம் படுத்துடும்."

"அப்ப?"

தணிகாசலம் யோசித்தார். தோற்றுப்போக மனசில்லை.

"வருஷா வருஷம் நறுக்கி விட்டுட்டா? மரத்துக்கு அடங்கி இருக்கும்ல."

"இது போன வருஷத்துக் கொடியிலதான் பூக்கும். நறுக்கினா இலை வரும், முள்ளு வரும். பூ வராது."

"பூக்கலேன்னா என்னம்மா? மரம் பிழைக்குமே."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது.

அம்மா சாவகாசமாகக் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"செங்கமலம் இப்ப எங்க இருக்கா?"

"மாட்டுத் தொழுவத்துல."

"எப்பலேருந்து?"

"போன மாசம் மாத்தினேன். அதுவரைக்கும் கூடத்துல வர்றவங்களோட பேசிக்கிட்டிருந்தா."

"அடங்கினாளா?"

"ஜனங்க அங்க போய் வைக்கோல்ல உக்காந்துடறாங்கம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர் அடக்கவும் இல்லை. தணிகாசலத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப அவளை இங்க அனுப்பிடறேன்" என்றார் அவசரமாக. "நீங்க தாங்குவீங்க."

"இங்க வரணும்னு கேட்டாளா?"

"இல்ல."

"யாரைத் தேடி வந்தா அவ?"

தணிகாசலம் பேரி மரத்துப் பட்டையை நகத்தால் சுரண்டினார்.

"என்னைத்தான். பழனியில நான் பேசினதைக் கேட்டுட்டு, பாத்துக்கிட்டிருந்த வேலையை விட்டுட்டு வந்தா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தணிகாசலம் அதை வைத்து வாதாடியிருப்பார். வாதாட ஒன்றும் கிடைக்காததால் பேரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"பயமா இருக்கும்மா" என்றார். "அவ பேசறப்ப நான் அங்க இருக்கறதே யாருக்கும் தெரியல. மத்தவங்களை ஏன் சொல்லணும், நானே கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேக்கறேன். நல்லாத்தான் பேசறா. அதுதான் தாங்கல."

பொறாமைதான் அது. இத்தனை நேரம் ஒழுங்கு என்ற பேரில் மலை ஏறி வந்திருந்தது. வெளியே வந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

அம்மா செடியை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"நீங்க இன்னும் மரம் சொல்லலையே."

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். வைகாசி மாதம். கிணற்றடியில் ஒரு மரம் உச்சியிலிருந்து தரைவரைக்கும் வெள்ளை வெளேரென்று கொடி ரோஜாவாக நின்றது. தேனீக்களின் இரைச்சல் வாசல்வரை கேட்டது. அடிவாரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அதோ, கிணத்தடியில இருக்கே. அந்த மாதிரி ஒரு மரம் வேணும்."

"அது என்ன மரம்?"



இந்த மடத்தில் இருந்த காலமெல்லாம் அதன் அடியில்தான் தணிகாசலம் குளித்தார். அதன் தாழ்ந்த கிளையில்தான் வேட்டி உலர்த்தினார். வருகிறவர்களைக் கூட்டிப்போய்ப் பூவைக் காட்டி, அது வந்த கதையைக்கூடச் சொல்லியிருக்கிறார். எழுந்து கிட்டே போனார். பூவை விலக்கி இலையைத் தேடினார், பட்டையைத் தடவிப் பார்த்தார்.

திரும்பி வந்தார்.

"தெரியலையேம்மா."

"ஆமா" என்றார் அம்மா. "அது இன்னும் எங்கிட்ட முறையிட வரல."