புளியங்கொட்டை விழுந்த இடங்கள்

அன்றைக்குப் புளியில் கொட்டை எடுக்க உட்கார்ந்தவர்கள்: மெய்யம்மை ஆச்சி, சமையல் செய்யும் லூர்து, தோப்புக்காரர் காசிமாயன், பூமிநாதன், பூமிநாதனின் மனைவி வேலம்மாள். ஆக ஐந்து பேர்.

பூனை ஒன்றும் இருந்தது. அது வேலை செய்யவில்லை, கணக்கில் சேராது.

"நான் எழுதுறத யாரும் கடைசி வரைக்கும் படிக்கிறதில்ல ஆச்சி," என்றார் பூமிநாதன்.

ஆச்சி ஒரு புளியைப் பிளந்து கொட்டையை எடுத்தார்.

"யாரும்னா யாரு?"

பூமிநாதன் அடுத்த புளியை எடுத்தார்.

*

மெய்யம்மை ஆச்சிக்கு வயது நாற்பத்து நான்கு. பூமிநாதனைவிடப் பதினேழு வயது இளையவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் ஆச்சி என்றார்கள். முன்பு வானொலியில் செய்தி வாசித்தவர். அதை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே கரட்டு மலையடியில் குடில் போட்டு இருந்தார். எழுதுகிறவர்கள் அவரிடம் வருவார்கள்.

எழுதியதை அவர் கையில் வாங்க மாட்டார்.

"வாசிங்க," என்பார். அவ்வளவுதான்.

பூமிநாதன் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வலைப்பூ தொடங்கினார். ஊர்ச் செய்தி, திருவிழா, யார் வீட்டில் கல்யாணம், யார் காலமானார், எல்லாம் எழுதுவார். காலையில் பதிவைப் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ராத்திரி வரை பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை தோறும் ஆச்சியிடம் வருவார்.

அவருடைய சிநேகிதர் மைக்செட் ராக்கப்பன் மாசியில் இறந்துபோனார். ராக்கப்பனின் மகன் பாலு மஸ்கட்டில் இருக்கிறான். சாவுக்கு வரவில்லை. தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆம்ப்ளிபயர் காணாமல் போனது. மகன்தான் எடுத்து விற்றுவிட்டான் என்று ராக்கப்பன் நடுத்தெருவில் வைத்துத் திட்டினார். திருட்டுப் பயலே என்றார். பாலு அந்த வாரமே கிளம்பிப் போனான்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராக்கப்பன் அதைப் பூமிநாதனிடம் சொன்னார்.

"அவன் எடுக்கலடா பூமி. நான்தான் மறந்து வச்சிட்டு வந்திருக்கேன். தை மாசம் கண்ணால பாத்தேன். தெருவுக்குக் கேக்கத் திட்டினேன். நீதான் என்னமோ எழுதுறியே, தெருவுக்குக் கேக்க எழுது. அவனும் படிப்பான்."

பூமிநாதன் எழுதினார். நாற்பத்தாறு வாக்கியம் எழுதினார். வேலம்மாளிடம்கூட வாயால் சொல்லவில்லை. எழுதியாகிவிட்டதே, அதுவே சொன்ன மாதிரிதானே என்று இருந்துவிட்டார்.

பாலு படித்துவிட்டுப் போன் செய்தான்.

"நல்லா எழுதியிருக்கீங்க மாமா. ஆனா ஒண்ணு, எங்க அப்பாவைப் பத்தி இனிமே எழுதாதீங்க."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு போனில் அப்பா என்று ஆரம்பித்தாலே துண்டித்தான்.

கடைசிப் பத்தியைப் படித்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டான்.

*

"பாலு படிக்கல ஆச்சி," என்றார் பூமிநாதன். "கடைசி வரைக்கும் வரல."

"வாசிங்க."

பூமிநாதன் கையைத் துடைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த தாளைப் பிரித்தார்.

ஆச்சி ஒரு எண்ணெய் டின்னை இழுத்து நடுவில் வைத்தார்.

"கொட்டையச் சாக்குல போட்டுக்கிட்டே கேளுங்க. மனசு எந்த இடத்துல வெளிய போகுதோ, அந்த இடத்துல ஒண்ண மட்டும் டின்னுல போடுங்க. அண்ணே, நீங்க சத்தம் கேக்குற இடத்துல பென்சிலால கோடு போடுங்க."

"போடுறது யாருன்னு பாக்கலாமா?"

"பாத்து என்ன செய்யப் போறீங்க?"

பூமிநாதன் தொண்டையைச் செருமினார்.

"மரணம் என்பது மனித வாழ்வில் தவிர்க்க முடியாத ஒன்று என்று அறிஞர் பெருமக்கள் கூறுவர்."

ணங்.

"முதல் வரியிலயேவா?"

"எந்த அறிஞரு?" என்றார் காசிமாயன்.

"பொதுவாச் சொல்றது காசி."

"பொதுவாத்தான் நானும் போட்டேன்."

பூமிநாதன் கோடு போட்டார். மேலே வாசித்தார். ஒலிபெருக்கி தமிழ்நாட்டுக்கு வந்த வரலாறு வந்தது. ணங். அதில் கொம்புக் குழாய் எப்படிப் பெட்டி ஸ்பீக்கராக மாறியது என்று வந்தது. ணங், ணங். ராக்கப்பன் பண்பின் சிகரம், பழகுவதற்கு இனியவர், எளிமையின் இருப்பிடம்.

ஆலங்கட்டி மழை தகரத்தில் பெய்த மாதிரி விழுந்தது.

பூமிநாதன் நிமிர்ந்து பார்த்தார். வேலம்மாளின் கை டின்னுக்கு மேல் இருந்தது.

"நீயுமா?"

"வீட்டுல ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினீங்க. ரெண்டு தடவையும் இந்த இடத்துலதான் அடுப்பப் பாக்கப் போனேன்."

"அப்பச் சொல்லலையே."

"அப்ப டின் இல்ல."

லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூமிநாதன் கோடு போட்டுக்கொண்டே வாசித்தார்.

"ராக்கப்பன் மைக்கைப் பிடித்தால் ஹலோ என்று சொல்ல மாட்டான். கேக்குதா என்பான். யாராவது தலையாட்டுகிற வரைக்கும் பாட்டுப் போட மாட்டான்."

டின்னில் சத்தமில்லை. சாக்கிலும் சத்தமில்லை. நான்கு பேர் கையும் நின்றிருந்தது.

பூமிநாதன் அதைக் கவனித்தார். ஏன் என்று விளங்கவில்லை. வீட்டில் அந்த இடத்தை எடுத்துவிடலாமா என்றுதான் யோசித்திருந்தார்.

பிறகு அய்யனார் வந்தார், அன்னதானம் வந்தது, மறுபடி டின் பேசியது. கடைசிப் பத்திக்கு வந்தபோது பூமிநாதனின் குரல் தானாகவே தாழ்ந்தது. ஆறு வாக்கியம். நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"எனவே, மேற்படி ஆம்ப்ளிபயர் காணாமல் போன நிகழ்வில் பாலு என்பவருக்கு யாதொரு தொடர்பும் இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்."

ஆறு வாக்கியத்துக்கும் ஒரு கொட்டைகூட விழவில்லை.

தாளை மடித்தார். நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

"பாத்தீங்களா ஆச்சி? கடைசிப் பத்தியில ஒரு சத்தம் இல்ல."

ஆச்சி காசிமாயன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அந்த ஆம்ப்ளிபயரப் பாலு எடுத்தானா?"

"எடுத்தான்னுதான ஆச்சி ஊருல பேச்சு."

"வேலம்மா, நீங்க சொல்லுங்க."

"செத்த வீட்டுல அதை எதுக்கு ஆச்சி கிளறணும்? ஏதோ வயசுக் கோளாறு. எடுத்துட்டான்."

லூர்து உலைப் பானையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் எழுந்து போனதைக்கூடப் பூமிநாதன் பார்த்திருக்கவில்லை.

"காசி," என்றார் பூமிநாதன். "நீ டின்னுல போடலையேய்யா."

"கேட்டாத்தானப்பா போட."

*



மறுபடியும் இந்த ஊரில் பாலுவைத் திருடன் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை சொன்னது பூமிநாதனின் வீட்டுக்காரி. அவர் வாசித்து முடித்த பிறகு.

"நான் சொல்லிட்டேன்னுல்ல நெனச்சேன்," என்றார்.

ஆச்சி லூர்தைப் பார்த்தார்.

"சோறு வெந்துருச்சா?"

"வடிக்கணும் ஆச்சி. குழைஞ்சிரும்."

"போ. வாசப்படியில ஒரு காலை வெளிய வச்சு நில்லு. அண்ணன் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாரு. கேட்டுட்டுப் போயிரு."

லூர்து போய் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

பூமிநாதன் தாளைப் பிரித்தார்.

"தாளு வேணாம். சோறு குழையுது."

பூமிநாதன் லூர்தின் முகத்தைப் பார்த்தார். அவள் பாதி முகம் அடுப்படிப் பக்கம் இருந்தது.

"பாலு எடுக்கல," என்றார்.

லூர்து திரும்பினாள்.

"அப்ப யாரு சார் எடுத்தது?"

வெளியே வைத்த காலை எடுத்து உள்ளே வைத்து, வந்து உட்கார்ந்தாள்.

ஆச்சி எழுந்து போய்ச் சோற்றை வடித்தார்.

*

பூமிநாதன் கிணற்றுமேட்டுக்குப் போனார். தாளின் பின்பக்கத்தில் எழுதினார். கோடு போட்ட இருபத்தேழு வாக்கியமும் போயிற்று. மீதி பத்தொன்பதில் சிலது ஒன்றோடொன்று ஒட்டியது, சிலது தானாக உதிர்ந்தது. பதினொன்று நின்றது. பாலு எடுக்கவில்லை என்பது மேலே ஏறிவிட்டது.

திரும்பி வந்து வாசித்தார்.

"பாலு ஆம்ப்ளிபயரை எடுக்கவில்லை. அவன் அப்பா அதைக் கோயில் சாமான் அறையில் மறந்து வைத்துவிட்டு வந்தார்."

வேலம்மாள் கையில் இருந்த புளியை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆலங்கரை அய்யனார் கோயில் ஏழு மண் குதிரைகளையும் முன்னூறு ஆண்டுப் பெருமையையும் உடையது."

ணங்.

பூமிநாதன் வாசிப்பை நிறுத்தி, அந்த வாக்கியத்தை முழுசாக அடித்தார். ஆச்சியின் விரலில் ஒரு கொட்டை உருண்டது. அவர் அதைச் சாக்கிலும் போடவில்லை, டின்னிலும் போடவில்லை.

"தகராறில் ஆறு வருடம் பூட்டிக் கிடந்த கோயிலை இந்தத் தை மாதம் திறந்தபோது, பந்திப் பாய்க்கு அடியில், சிவப்பு மையில் தன் பெயர் எழுதிய பெட்டியை அவரே பார்த்தார். ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். மகனிடம் சொல்ல வாய் வரவில்லை என்றார். தெருவுக்குக் கேட்கத் திட்டினேன், தெருவுக்குக் கேட்க எழுது என்றார். ராக்கப்பன் மைக்கைப் பிடித்தால் ஹலோ சொல்ல மாட்டார், கேக்குதா என்பார். இதை எழுதும்போது என் கண்களில் நீர் தாரை தாரையாக வழிகிறது."

ணங்.

"அவரு அழல," என்றாள் வேலம்மாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "பக்கத்துலதான இருந்தேன். சீடை தின்னுக்கிட்டே எழுதினாரு."

பூமிநாதன் அடித்தார்.

"எழுதிவிட்டேன். பதிவு பிடித்திருந்தால் பகிருங்கள், கருத்திடுங்கள், தொடர்ந்து ஆதரவு தாருங்கள்."

மூன்று சத்தம் ஒரே நேரத்தில் கேட்டது. அதையும் அடித்தார்.

"எட்டு இருக்கு ஆச்சி."

"மஸ்கட்டுல இன்னைக்கு லீவுதான?"

"வெள்ளிக்கிழம. லீவுதான்."

"அப்பப் போடுங்க."

பழைய பதிவை எடுத்துவிட்டு, எட்டு வாக்கியத்தையும் போனில் அடித்துப் போட்டார். லிங்க்கைப் பாலுவுக்கு அனுப்பினார். லிங்க்கோடு முதல் வரியும் சேர்ந்து தெரிந்தது.

*

இலை போட்டார்கள். பூமிநாதன் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எத்தன பேரு பாத்திருக்கான்?" என்றார் காசிமாயன்.

"பாக்கல."

"நீ பாக்கலையா? நல்லாத்தான இருக்க?"

ரசம் ஊற்றும்போது போன் ஒளிர்ந்தது. பதிவுக்குக் கீழே ஒரு கருத்து வந்திருந்தது. பூமிநாதன் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து வாசித்தார்.

"எந்தக் கோயில் மாமா?"

அவ்வளவுதான் இருந்தது.

வேலம்மாள் எட்டிப் பார்த்தாள். "வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்ல."

"படிச்சிட்டான்," என்றாள் லூர்து.

காசிமாயன் சோற்றுக் கையோடு பூமிநாதனைப் பார்த்தார்.

"கோயில் பேரையுமா எடுத்துட்ட?"

"நீதானய்யா கொட்டை போட்ட."

"நான் குதிரைக்குல்ல போட்டேன்."

பூமிநாதன் ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி இலையை மூடிவிட்டு எழுந்து, கை கழுவப் போய்க்கொண்டிருந்தார்.

பூமிநாதன் சாப்பாட்டைப் பாதியில் விட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டாவது வாக்கியத்துக்குக் கீழே அடித்தார்.

"அது ஆலங்கரை அய்யனார் கோயில்."

நாற்பத்தாறில் மிச்சம் ஒன்பது.